இரண்டு முறை தட்டினால்

மனிதர்கள் பொய் சொல்வார்கள், துணி சொல்லாது என்பது தையல்காரம்மாவின் கட்சி. இடுப்பு அப்படியேதான் இருக்கிறது, பேண்ட்தான் சுருங்கிவிட்டது என்று சாதிக்கும் வாடிக்கையாளர்களைப் பார்த்துப் பார்த்தே அவளுக்குப் பாதித் தலை நரைத்தது. அளவு நாடாவை இடுப்பில் சுற்றும் வரைதான் அவர்கள் பேச்செல்லாம்.

போன வாரம் மகள் கொண்டுவந்து போட்ட நீலச் சட்டையைப் பார்த்ததும் அவள் மிஷினை நிறுத்திவிட்டாள். அந்தச் சட்டை இன்னும் மேஜை மேலேதான் கிடக்கிறது. தைக்க மனம் வரவில்லை. ஒரே மகள். கல்யாணமாகி ஊரின் மறுகோடியில் குடித்தனம். மருந்துக்கடை வேலை மட்டும் அம்மா வீட்டுப் பக்கம் என்பதால், ஒரு மாதமாக வெள்ளிக்கிழமை தோறும் வேலைக்குப் போகிற வழியில் ஒரு கிழிசலைக் கொடுத்துவிட்டுப் போகிறாள். கேட்டால் கிழிசலுக்கு ஒரு கதை.

இன்று வியாழக்கிழமை. தையல்காரம்மா சட்டையைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டுக்காரரின் டீ டம்ளருக்கும் மூக்குக்கும் நடுவில் நீட்டினாள். அவர் பஸ் டிப்போவில் வண்டிகளை நேரம் பார்த்து அனுப்புகிறவர். தெருவில் அவருக்குப் பேர் டைம் சார். லீவு நாளில்கூடச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்துவிட்டுத்தான் பதில் சொல்வார்.

"இதப் பாருங்க."

"தையல் பிரிஞ்சிருக்கு."

"தானாப் பிரியல. யாரோ கழுத்துப்பட்டியைக் கொத்தாப் பிடிச்சு, முன்னாடி இழுத்து, அப்புறம் பின்னாடி தள்ளியிருக்காங்க. தோள் மூட்டுல பாருங்க, நூல் ரெண்டு பக்கமும் நீண்டிருக்கு."

"மருந்துக்கடை அலமாரியில மாட்டிக்கிச்சுன்னு சொன்னாளே."

"அலமாரிக்கு அஞ்சு விரல் இருக்கா?"

டைம் சார் டம்ளரைக் கீழே வைத்தார். "மாப்பிள்ளையைச் சொல்றியா?"

"நான் யாரையும் சொல்லல. சட்டை சொல்லுது."

மாப்பிள்ளை கார் ஓட்டக் கற்றுத் தருகிறவர். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல், சொந்தமாக ஒரு கார். கற்றுத் தருகிற காரில், ஓட்டுகிறவருக்குப் பக்கத்து சீட்டின் காலடியிலும் ஒரு பிரேக் இருக்கும். ரெண்டு பிரேக் வச்ச கார்ல நம்ம பொண்ணு போறா, வேற யாருக்கு இந்தப் பாதுகாப்பு உண்டு என்று டைம் சார் டிப்போ முழுக்கச் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை குரல் உயர்த்திப் பேசி யாரும் கேட்டதில்லை. காரைச் சுவரில் கொண்டு போய் முட்டியவரிடம்கூட, "பரவாயில்ல, சுவர்தான் குறுக்க வந்துடுச்சு" என்பார்.

அதுதான் தையல்காரம்மாவுக்கு இடித்தது. இவ்வளவு பொறுமையும் நாள் முழுக்க ஊராருக்கே செலவானால் வீட்டுக்கு என்ன மிஞ்சும்?

"எல்லாம் வெள்ளிக்கிழமைதான் வருது" என்றாள். "மத்த நாள்ல ஒரு பட்டன்கூட அறுந்து வரல. அப்படின்னா வியாழக்கிழமை சாயங்காலம் என்னமோ நடக்குது."

"வியாழக்கிழமை கடையில சரக்கு சரிபார்க்கணும்னு லேட்டா வருவா. அவளே சொல்லியிருக்கா."

"அவ சொல்றதுதான் எனக்குச் சந்தேகமா இருக்கு."

டைம் சார் கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு மனைவியைப் பார்த்தார். "இங்க பாரு. நீ நினைக்கிறது தப்பா இருந்தா, சொன்ன சொல்லைத் திருப்பி வாங்க முடியாது. மாப்பிள்ளை மன்னிச்சாக்கூட அவ மன்னிக்க மாட்டா. அப்புறம் இந்த வீட்டுப் படி ஏற மாட்டா. இருக்கறது ஒண்ணு."

"சரியா இருந்தா?"

டைம் சார் மறுபடியும் கடிகாரத்தைப் பார்த்தார். அவர் டீயைக் குடித்து முடித்தார். அது ஆறிப் போயிருந்தது.

சாயங்காலம் நூல் வாங்கி வருகிறேன் என்று கிளம்பினாள். வீட்டில் ஆறு மாதத்துக்கு நூல் இருக்கிறது என்பது டைம் சாருக்கும் தெரியும்.

மருந்துக்கடைக்கு எதிரே ஒரு செருப்புக்கடை. அதன் வாசலில் நின்று, வாங்கும் எண்ணமே இல்லாத செருப்புகளை அவள் விலை விசாரித்துக்கொண்டிருந்தபோது மகள் வெளியே வந்தாள். முன்வாசல் வழியாக இல்லை, பின்பக்கச் சந்து வழியாக. தோளில் ஒரு பை. கடைக்குள் மற்றவர்கள் விளக்கை அணைத்துக்கொண்டிருந்தார்கள். சரக்கும் இல்லை, சரிபார்ப்பும் இல்லை.

கையிலிருந்த செருப்பை வைத்துவிட்டுத் தையல்காரம்மா பின்னாலேயே நடந்தாள்.

மகள் பஸ்ஸில் முன்வாசலில் ஏறினாள், அம்மா பின்வாசலில். யாரோ திருத்தக் கொடுத்திருந்த ஜன்னல் திரை ஒன்றைக் கையோடு எடுத்து வந்திருந்தாள். அதை மடியில் வைத்து முகம் வரை தூக்கிப் பிடித்துக்கொண்டாள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்தார். மகள் திரும்பவே இல்லை. கைப்பிடிக் கம்பியைப் பிடித்திருந்த விதத்தைப் பார்த்தால் அவள் மனம் அந்த பஸ்ஸில் இல்லை என்று தெரிந்தது. சட்டைக் கை சரிந்து, மேல் கையில் ஒரு நீலத் தடம் எட்டிப் பார்த்தது.

இறங்கியது மெத்தைக் கடைகள் வரிசையாக இருக்கும் தெரு. ஒரு கடையின் ஓரத்துப் படிக்கட்டில் மகள் ஏறினாள். அம்மா கீழேயே நின்றாள். மேலே யார் இருக்கிறார்கள் என்று யோசிக்கவே பிடிக்கவில்லை. இதுவரை மாப்பிள்ளையை மட்டும் சந்தேகப்பட்டது போதாதென்று, இப்போது மகளையும் சேர்த்துச் சந்தேகப்படும்படி ஆகிவிட்டதே என்று தன் மேலேயே அவளுக்கு எரிச்சலாக வந்தது.

அப்போது மேலே தொம்மென்று ஒரு சத்தம். யாரோ விழுந்த சத்தம். கூடவே ஒரு முனகல். இன்னொரு தொம்.

அதற்குப் பிறகு அவள் படியை எண்ணவில்லை. மாடியில் கண்ணாடி பதித்த ஒரு கதவு. உள்ளே ஆறடி உயரத்தில், கட்டை முடியோடு, அகன்ற முதுகு ஒன்று. அந்த முதுகுக்கு அந்தப்பக்கம் சுவரோடு சுவராக அவள் மகள். கழுத்துப்பட்டி கொத்தாக ஒரு கைக்குள் இருந்தது.

கைப்பையில் நூல் வெட்டும் குட்டிக் கத்தரி எப்போதும் இருக்கும். அதை எடுத்துப் பிடித்தபடி கதவைத் தள்ளினாள்.

"விடுடா அவளை."

அவள் சொல்லி முடிக்கும் முன்பே மகள் அந்தக் கையின் மேல் இரண்டு முறை தட்டினாள். கை சட்டென்று விட்டுவிட்டது. முதுகு திரும்பியது. அது ஒரு பெண். முகமெல்லாம் வேர்வை, பாதி பயம், பாதி சிரிப்பு.

"அம்மா" என்றாள் மகள்.

கூடம் முழுக்கத் தரையில் தடிமனான பாய் விரித்திருந்தது. அதன் மேல் ஜோடி ஜோடியாகப் பத்துப் பன்னிரண்டு பேர், ஆபீஸ் உடுப்பில், பிடித்த பிடியில் அப்படியே நின்றுவிட்டார்கள். மூலையில் குத்துப்பைகள் தொங்கின. கழுத்தில் விசில் மாட்டிய குள்ளமான ஒரு பெண் பாயின் மேல் நடந்து வந்தாள். கத்தரியைப் பார்த்தாள், தையல்காரம்மாவைப் பார்த்தாள்.

"அதை உள்ள வச்சிட்டு வாங்கம்மா. செருப்பை வெளிய விட்டுடுங்க. பாய் மேல செருப்பு ஆகாது."

அவள்தான் கோச். இந்தக் கூடத்தில் குத்துச்சண்டையும் உண்டு, ஜூடோவும் உண்டு. மற்ற நாளெல்லாம் ஜூடோவுக்கு முரட்டு வெள்ளை ஜாக்கெட் போட்டுப் பழகுவார்களாம். அதை யானை இழுத்தாலும் கிழியாது.

"ஆனா தெருவுல யாரும்மா அதைப் போட்டுக்கிட்டுப் போறாங்க?" என்றாள் கோச். "அதனால வியாழக்கிழமை மட்டும் வேலைக்குப் போற உடுப்புலயே வரணும். சட்டை எப்படி இழுபடும், பாக்கெட் எங்க மாட்டும், எல்லாம் அன்னிக்குத்தான் தெரியும். நிறைய கிழியும். பாவம், உங்க கைக்குத்தான் வேலை போல."

தையல்காரம்மா கத்தரியைப் பையில் போட்டாள். சுவரோரம் கிடந்த பெஞ்சில் உட்கார்ந்தாள். மகளை யாரும் அடிக்கவில்லை. ஒரு மாதமாக நெஞ்சில் தூக்கிச் சுமந்த பாறாங்கல் பொத்தென்று இறங்கியது. அழுகை வந்தது, கூடவே வெட்கமும் வந்தது. துணி பொய் சொல்லவில்லைதான். கை உண்டு, பிடி உண்டு, இழுத்ததும் தள்ளியதும் உண்டு, எல்லாவற்றையும் அவள் சரியாகத்தான் படித்திருந்தாள். அது யார் கை என்பதை மட்டும் துணி சொல்லவில்லை. அதை அவளே இட்டுக்கட்டிக்கொண்டாள். அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று சும்மாவா சொன்னார்கள்.

நல்ல வேளை, மாப்பிள்ளை காதுக்குப் போகவில்லை.

அந்த ஆறடிப் பெண் தபால்காரி. அவள் சட்டைக் கையில் பட்டன் அறுந்து தொங்கியதைப் பார்த்ததும் தையல்காரம்மாவின் கை சும்மா இருக்கவில்லை. "இங்க வாம்மா, ஒரு நிமிஷம்" என்று கூப்பிட்டு, பையிலிருந்து ஊசியை எடுத்து, கையை மடியில் வைத்துத் தைக்க ஆரம்பித்தாள். டா போட்டுக் கத்தியதற்கு அதுதான் மன்னிப்பு. கோச் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

"அந்த ரெண்டு தட்டு என்னது?" என்று கேட்டாள் தையல்காரம்மா.

"போதும், விட்டுடுன்னு அர்த்தம். ஜெயிச்சுக்கிட்டிருந்தாலும் சரி, கோவத்துல இருந்தாலும் சரி, ரெண்டு முறை தட்டினா விட்டுடணும். இந்தக் கூடத்துல அதை மீறினவங்க மறுநாள் வர முடியாது."

"எங்க வீட்டுக்காரர் கராத்தேதான் உசத்தின்னு சொல்வார். நீங்க எதை நல்லதுன்னு சொல்வீங்க?"

கோச் சிரித்தாள். "வர்றவங்க எல்லாரும் இதைத்தான் கேப்பாங்க. நான் ரெண்டு கேள்வி திருப்பிக் கேப்பேன். மூணு மாசம் கழிச்சும் வருவீங்களா? அது உடம்புக்கு. குத்துச்சண்டை பிடிச்சா அதை எடுங்க, அது மாதிரி மூச்சு வாங்க வைக்கறது வேற இல்ல. பிடிக்கலைன்னா எவ்வளவு நல்ல வித்தையா இருந்தாலும் பை பரணுக்குப் போயிடும்."

"ரெண்டாவது?"

"எந்த இடத்துல உங்களுக்குப் பயம்? இவங்களுக்கு மாடிப்படி." கோச் தபால்காரியைக் காட்டினாள். "குறுகின படியில ஒருத்தன் வழி மறிச்சா காலைத் தூக்கி உதைக்க இடம் ஏது? அதனால பிடி, திருப்பு, தள்ளு, இறங்கி ஓடு. அதுக்கு ஜூடோ."

"ஓடறதுக்கா இவ்வளவு பாடு?"

"போட்டியிலதாம்மா ஜெயிக்கணும். தெருவுல வீடு போய்ச் சேர்ந்தா போதும். ஆனா எதுவா இருந்தாலும் எதிர்ல நிக்கறவங்க நிஜமா இழுக்கணும், நிஜமா முரண்டு பண்ணணும். காத்தைக் குத்தியே பழகினா காத்து மட்டும்தான் பயப்படும்."

தையல்காரம்மாவுக்கு இந்தக் குள்ளப் பெண்ணைப் பிடித்துப் போனது. நூலைப் பல்லால் கடிக்காமல் கத்தரியால் வெட்டினாள்.

"என் பொண்ணு எதுக்கு வந்தா?"

"குத்துச்சண்டைக்குத்தான் வந்தாங்க. கை நல்லா பேசும் அவங்களுக்கு. ரெண்டாவது கேள்விக்குப் பதில் சொன்னதும் நான்தான் ஜூடோவுக்கு மாத்தினேன்."

"எந்த இடம்னு சொன்னா?"

கோச் கண் ஒரு முறை மகள் பக்கம் போய்த் திரும்பியது. "அதை அவங்கதாம்மா சொல்லணும்." எழுந்துகொண்டே கேட்டாள், "உங்களுக்கு எந்த இடம்?"

தையல்காரம்மா யோசித்தாள். இருட்டுச் சந்து, காலி பஸ், எதுவும் அவளைப் பயமுறுத்தவில்லை. கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது ஊரின் மறுகோடியில் ஒரு வீடு. நேரில் பார்த்தும் இந்தப் பயம் ஏன் போகவில்லை?

"யோசிச்சுச் சொல்றேன்" என்றாள்.

கோச் விசில் ஊதினாள். மறுபடியும் எல்லோரும் ஜோடி சேர்ந்தார்கள். மகள் மட்டும் மூலையிலிருந்து இரண்டு பிளாஸ்டிக் நாற்காலிகளை இழுத்து வந்தாள். எதிரெதிராகப் போடவில்லை. பக்கத்தில் பக்கத்தில், ஒரே திசை பார்த்துப் போட்டாள். ஒன்றில் உட்கார்ந்து, ஒரு துணிப் பட்டையைத் தோளிலிருந்து இடுப்புக்குக் குறுக்கே போட்டு, நாற்காலியோடு சேர்த்து முடிச்சிட்டாள். அடுத்த நாற்காலியில் தபால்காரி உட்கார்ந்து, கையை நீட்டி அவள் மணிக்கட்டைப் பிடித்தாள்.

மகளின் இன்னொரு கை பாய்ந்து வந்து தபால்காரியின் சட்டைக் கை நுனியைப் பற்றியது. நாலு விரலில் துணியைச் சுருட்டி, ஈரத் துணியைப் பிழிவது போல ஒரு முறுக்கு. பிடியின் கட்டைவிரல் பக்கமாகத் தன் மணிக்கட்டை உருவிக்கொண்டாள். முடிச்சை அவிழ்த்தாள். பக்கவாட்டில் எதையோ திறப்பது போல ஒரு கை போனது. அப்படியே சரிந்து பாயில் உருண்டு எழுந்தாள்.

மறுபடியும் நாற்காலிக்கு வந்தாள். மறுபடியும் அதே பிடி. கூடத்தில் வேறு யாரும் நாற்காலியில் உட்காரவில்லை.

தையல்காரம்மா இப்போதுதான் தைத்த பட்டன் தெறித்து வந்து அவள் காலடியில் நின்றது. அதை எடுக்கக் குனிந்தவள் குனிந்தபடியே இருந்தாள். பக்கத்தில் பக்கத்தில் இரண்டு இருக்கை. குறுக்கே ஒரு பட்டை. பக்கவாட்டில் ஒரு கதவு.

அது கார்.

வகுப்பு முடிந்ததும் தபால்காரியின் சட்டைக் கையை மறுபடி மடியில் வாங்கினாள். பட்டன் போன இடத்தில் துணியும் சேர்ந்து வந்திருந்தது. அதைச் சுற்றி நாலு மடிப்பு, ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு கிடந்தன. விரலால் நீவிப் பார்த்தாள். சுலபத்தில் நீங்கவில்லை.

படியில் இறங்கும்போது மகள்தான் ஆரம்பித்தாள்.

"உடம்புக்காகத்தான்மா. சுகர் எல்லையில நிக்குதுன்னு டாக்டர் சொன்னார். நடக்கச் சொன்னாங்க. நடந்தா போரடிக்குது. கடையிலயும் தனியா ஷட்டர் இறக்கற நாள் இருக்கு, ஒரு தைரியத்துக்கும் ஆச்சுன்னு சேந்தேன்."

"சுகருக்கு நாற்காலி எதுக்கு?"

"எல்லாரும் பண்றதுதான்."

"வேற யாரும் உட்காரலையே பாப்பா."

"அம்மா, துணியைப் பாக்கற மாதிரி என்னைப் பாக்காத."

தையல்காரம்மா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள். "மாப்பிள்ளைக்குத் தெரியுமா?"

"தெரியாது. நீயும் சொல்லாத."

"உடம்புக்கு நல்லதுதானே. அதை ஏன் மறைக்கணும்?"

மகள் தெருவைப் பார்த்தாள். மெத்தைக் கடைக்காரர் ஷட்டரை இறக்கிக்கொண்டிருந்தார். பிறகு அம்மாவின் கை மேல் விரலால் இரண்டு முறை தட்டினாள். சிரித்தாள். ஒட்டுப் போட்ட சிரிப்பு என்று தையல்காரம்மாவுக்குத் தெரியும்.

"ரெண்டு தட்டு தட்டிட்டேன். விட்டுடணும்."

அவள் விட்டாள்.

இருவரும் அம்மா வீட்டுக்கு வந்ததும் மகள் முகம் கழுவப் போனாள். அதற்குள் தையல்காரம்மா டைம் சாரிடம் விஷயத்தைச் சொல்லி முடித்தாள். அவர் முகம் பிரகாசமானது.

"ஜூடோவா? நான் அப்பவே சொன்னேன்ல? ஒண்ணுமில்லாததை ஊதிப் பெருசாக்கிட்ட."

"மெதுவா பேசுங்க. மாப்பிள்ளைக்குத் தெரியக் கூடாதாம்."

"ஏன்?"

"அதை நீங்களே உங்க கடிகாரத்தைக் கேட்டுச் சொல்லுங்க."

மகள் அம்மா வீட்டில் இருப்பதாகப் போன் செய்திருந்தாள். மாப்பிள்ளை வந்துவிட்டார். டிரைவிங் ஸ்கூல் போர்டு வைத்த அந்த வெள்ளைக் கார் வாசலில் நின்றது. மாமாவுக்கு ஒரு வணக்கம், மாமியாருக்கு ஒரு சிரிப்பு. எல்லாம் வழக்கம்போல அளவெடுத்துத் தைத்த மாதிரி இருந்தது.

"இன்னிக்கு சரக்கு வேலை சீக்கிரம் முடிஞ்சிடுச்சா?" என்று உள்ளே இருந்த மனைவியைக் கேட்டார்.

"ம்."

"அம்மாவும் கடைக்கு வந்திருந்தாங்களா? ரெண்டு பேரும் ஒரே பஸ்ல இறங்கினதா முக்குக் கடைக்காரர் சொன்னார்."

சாதாரணமாகத்தான் கேட்டார். ஆனால் வீட்டுக்குள் காலெடுத்து வைக்கும் முன்பே தெருமுனையில் விசாரித்துவிட்டு வந்திருக்கிறார் என்பது தையல்காரம்மாவுக்குச் சுருக்கென்று பட்டது.

"நூல் வாங்கப் போனேன். வழியில பாத்தேன்" என்றாள். அவள் கையில் நூல் இல்லை. திரைதான் இருந்தது.

மாப்பிள்ளை திரையைப் பார்த்தார், சிரித்தார், ஒரு காகிதப் பையை நீட்டினார். "உங்களுக்கு ஒரு சின்ன வேலை அத்தை. இந்தச் சட்டைக் கை. நேத்து கார் கதவுல மாட்டிக்கிச்சு."

அவள் பைக்குள் கையை விட்டாள். கண்ணுக்குத் தெரியும் முன்பே விரலுக்குத் தெரிந்துவிட்டது. பட்டன் இல்லை. பட்டனோடு துணியும் போயிருந்தது. அதைச் சுற்றி நாலு மடிப்பு, ஒரே பக்கமாக முறுக்கிக்கொண்டு, பிழிந்து போட்டது போல.

கதவு கிழித்தால் நேராகக் கிழிக்கும். அதற்குப் பிழியத் தெரியாது.

சட்டையை வெளியே எடுக்காமல் பைக்குள்ளேயே பிடித்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் வரை தப்பாகக் கட்டிய கணக்கை மறுபடியும் கட்டுகிறாளோ? கார் கற்றுக்கொள்ள வந்த யாராவது பயந்து போய் இவர் கையைப் பிடித்து முறுக்கியிருக்கலாம். நடக்கக்கூடியதுதான். ஆனால் அப்படியென்றால் அதைச் சிரித்துக்கொண்டே சொல்லியிருப்பாரே. ஊரில் யார் காரை எங்கே முட்டினாலும் வந்து கதை சொல்கிறவர் இதற்கு மட்டும் ஏன் கதவைச் சொல்ல வேண்டும்?

துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டே மகள் அறை வாசலுக்கு வந்தாள். அவள் கண் பையின் மேல் விழுந்தது. பிறகு அம்மாவின் முகத்துக்கு வந்தது. துண்டு அசையாமல் நின்றது.

"கிளம்பலாம்" என்றாள் அவசரமாக. "நேரமாச்சு."

டைம் சார் கடிகாரத்தைப் பார்த்து, அப்படியொன்றும் ஆகவில்லையே என்றார். யாரும் காதில் வாங்கவில்லை.

வாசலில் மாப்பிள்ளை முன்பக்கக் கதவைத் திறந்து பிடித்தார். எப்போதும் அப்படித்தான், மனைவி உட்காரும் வரை கதவைப் பிடித்திருப்பார். பார்க்கிறவர்கள் கண் வைக்கும்படி இருக்கும். இன்றைக்குத் தையல்காரம்மா வேறு ஒன்றைப் பார்த்தாள். மகள் காருக்குள் குனிவதற்கு முன், தன் சட்டைக் கைகளை முழங்கைக்கு மேல் சுருட்டிவிட்டுக்கொண்டாள். யாரும் பிடிக்க அங்கே துணி இல்லாதபடி.

சொன்னால் மகளை இழக்கலாம். சொல்லாவிட்டாலும் இழக்கலாம். அந்த வாசலில் நின்றபோது அவளுக்கு இரண்டாவதுதான் பெரிதாகத் தெரிந்தது.

"பாப்பா, நீ பின்னாடி உக்காரு. எனக்குப் பின் சீட்டுல தலை சுத்தும்."

"நீ எங்கம்மா வர?"

"உன் வீட்டு ஜன்னலுக்குத் திரை அளவெடுக்கணும்னு சொன்னியே."

மகள் அப்படி எதுவும் சொன்னதில்லை. இல்லையென்றும் சொல்லவில்லை.

"இப்பவா அத்தை?" என்றார் மாப்பிள்ளை. கதவைப் பிடித்த கை அப்படியே இருந்தது.

"எனக்கு ஒழியறது இப்பதான் மாப்பிள்ளை." அவரைத் தாண்டி உள்ளே ஏறி உட்கார்ந்து, பெல்ட்டை இழுத்து மாட்டிக்கொண்டாள். காகிதப் பையை மடியில் வைத்தாள். வாசலில் டைம் சார் என்ன நடக்கிறது என்று புரியாமல் கையை ஆட்டினார்.

கார் கிளம்பியது. நாலு கதவும் ஒரே சத்தத்தில் பூட்டிக்கொண்டன. பின் சீட்டில் மகள் முன்னால் நகர்ந்து உட்கார்ந்தாள். தெருமுனை தாண்டி, பெரிய ரோட்டுக்கு வந்ததும், தையல்காரம்மா பைக்குள்ளிருந்து சட்டையை எடுத்து மடியில் விரித்தாள்.

பின்னாலிருந்து அவள் தோளில் ஒரு விரல் தட்டியது. ஒரு முறை. இன்னொரு முறை.

ஜெயித்துக்கொண்டிருந்தாலும் சரி, கோபத்தில் இருந்தாலும் சரி, விட்டுவிட வேண்டும். அந்தக் கூடத்தில் அதுதான் சட்டம். படிக்கட்டில் அவள் விட்டாள்.

இப்போது விடவில்லை.

"மாப்பிள்ளை, இந்தச் சட்டை எந்தக் கதவுல மாட்டுச்சு?"

மாப்பிள்ளை சிரித்தார். "எந்தக் கதவுன்னா..." என்று இழுத்தவர் மாமியாரைப் பார்க்கவில்லை. கண்ணாடியை நிமிர்த்தி, அதில் தெரிந்த மனைவியின் முகத்தைப் பார்த்தார். கார் வேகம் எடுத்தது. தெருவிளக்குகள் சீக்கிரம் சீக்கிரமாக வந்து போயின.

தையல்காரம்மாவின் காலில் ஏதோ இடித்தது. டிப்போ முழுக்க டைம் சார் பெருமை பேசிய அந்த இரண்டாவது பிரேக்.

"யோசிச்சே சொல்லுங்க" என்றாள். செருப்பைக் கழற்றி ஓரமாகத் தள்ளிவிட்டு, வெறுங்காலை அதன் மேல் வைத்தாள்.